பதில் தராத பம்ப்: பழுது எங்கே இருக்கிறது?

வத்தலக்குண்டிலிருந்து அய்யம்பாளையம், சித்தையன்கோட்டை, நிலக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் தென்னந்தோப்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் பூந்தோட்டமும் கண்ணில் படும். மஞ்சளாறும் மருதாநதியும் ஓடும் பகுதிதான் என்றாலும், ஆற்றுத் தண்ணீர் எட்டாத நிலங்களுக்குக் கிணறும் போரும்தான் கதி. அந்தத் தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாரைப் போட, ராத்திரியில் டார்ச் லைட்டோடு கொட்டகைவரை நடக்க வேண்டிய நிலை இப்போது மாறி வருகிறது. செல்போனிலிருந்து மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் தருகிறது. 2019இல் தொடங்கிய பிஎம்-குசும் திட்டத்தின் சூரிய சக்தி பம்புகளில், மோட்டாரின் நிலையைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் பெட்டியும் சேர்ந்தே வருகிறது. வசதி பெரிது. ஆனால் ஒருநாள் அந்தப் பெட்டி “தொடர்பு இல்லை” என்று காட்டும். அல்லது போனில் கட்டளை போகும், மோட்டார் அசையாது. உடனே வரும் தீர்ப்பு, “போர்டு போச்சு, மாத்திடலாம்” என்பது. அந்தத் தீர்ப்புக்குப் பெரும்பாலும் எந்தச் சான்றும் இருப்பதில்லை. பதில் வரவில்லை என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் நமக்குத் தெரிந்த உண்மை. எது கெட்டுப்போனது என்பதை அது சொல்வதே இல்லை.

இந்தச் சிக்கல் நம் ஊர்த் தோப்புகளுக்கு மட்டும் உரியதன்று. நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பும் அதன் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இதே முறையில்தான் இணைக்கப்படுகின்றன. அங்கும் இதே “தொடர்பு இல்லை”தான், இதே அவசரமும்தான். குளத்துப் பம்பில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மின்சாரத் தேவை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக இறங்கிவிடும். வேகத்தைக் கட்டளையிட ஒரு கருவியை அங்கே சேர்த்ததற்குக் காரணம் இந்தச் சேமிப்பு. ஆழமான போரில் இந்தக் கணக்கு அப்படியே பலிக்காது. தண்ணீரை இத்தனை அடி மேலே தூக்கியாக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருப்பதால், வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தண்ணீரே வெளியே வராது. பயன் வேறாக இருந்தாலும் மோட்டாரையும் கட்டுப்படுத்தியையும் இணைக்கும் முறை இரண்டிலும் ஒன்றே: இரண்டு மெல்லிய கம்பிகள், அவற்றின் மேல் ஒரு நெறிமுறை. பல சூரிய சக்தி பம்புகளிலும், வேகத்தை மாற்றும் விஎஃப்டி பெட்டிகளிலும் அந்த நெறிமுறையின் பெயர் மோட்பஸ். அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்காக 1979இல் உருவாக்கியது அது.

மோட்பஸ் வேலை செய்யும் விதத்தை ஒரு முறை புரிந்துகொண்டால், பழுது பார்ப்பதில் பாதி வேலை முடிந்தது. வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து எண்ணைக் கூப்பிடுவதைப் போன்றது இது. கட்டுப்படுத்தி ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்கும்; அந்த எண்ணுக்கு உரிய கருவி மட்டும் பதில் சொல்லும்; மற்றவை வாய் திறக்காது. எண்கள் 1 முதல் 247 வரை. கேள்வியின் கடைசியில் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் ஒன்று ஒட்டிவரும். கேள்வியில் உள்ள தரவுகளைக் கொண்டு பம்ப் அந்த எண்ணைத் தானே மறுபடி கணக்கிட்டுப் பார்க்கும். கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால், வழியில் எங்கோ இரைச்சல் புகுந்து செய்தியைக் கெடுத்துவிட்டது என்று பொருள். அப்போது பம்ப் என்ன செய்யும்? அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். “சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்” என்றுகூடச் சொல்லாது. கெட்டுப்போன செய்தியில் முகவரி எண்ணும் கெட்டிருக்கலாம். அது தனக்கு வந்த கேள்விதானா என்பதே உறுதியில்லாதபோது பதில் சொன்னால், ஒரே கம்பியில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசி எல்லாம் குழம்பும். அதனால்தான் இந்த மௌனம். நல்ல வடிவமைப்புதான் அது. பக்கத்து மோட்டாரின் இரைச்சல் “நிறுத்து” என்பதை “ஓடு” என்று மாற்றி நம் மோட்டாரை இயக்கிவிடாமல் காப்பது இந்தக் கண்டிப்புதான். ஒரு பிட் மாறினாலும், தொடர்ச்சியாக 16 பிட்டுகளுக்குள் சேதம் நேர்ந்தாலும் இந்தச் சரிபார்ப்பு தவறாமல் கண்டுபிடித்துவிடும்.

இந்தப் பாதுகாப்புக்கு நாம் ஒரு விலை கொடுக்கிறோம். கம்பி அறுந்திருந்தாலும் மௌனம். இரண்டு கம்பிகளும் மாறியிருந்தாலும் மௌனம். முகவரி எண் தவறாக இருந்தாலும், ஒரு பக்கம் வினாடிக்கு 9600 பிட் வேகத்திலும் மறுபக்கம் 19200 பிட் வேகத்திலும் பேசினாலும் மௌனம். இரைச்சலுக்கும் மௌனம், பம்பின் பெட்டிக்குக் கரண்டே வராவிட்டாலும் மௌனம், தொடர்புச் சில்லு உண்மையிலேயே கருகியிருந்தாலும் மௌனம். இத்தனையும் திரையில் ஒரே வாசகமாகத்தான் தெரியும். இவற்றில் புதுப் போர்டு வாங்கித் தீர வேண்டிய காரணம் கடைசியாகச் சொன்ன ஒன்று மட்டுமே. மற்றவை ஸ்க்ரூ டிரைவராலும் அமைப்புப் பட்டியலாலும் தீரக்கூடியவை. இத்தனை காரணங்களிலிருந்து செலவு மிக அதிகமான ஒன்றை, எதையும் அளந்து பார்க்காமல் தேர்ந்தெடுப்பது எந்த வகையில் நியாயம்?

இதே நெறிமுறை வேறொரு வகையான விடையும் தருகிறது. களத்தில் இதைத்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கேள்வி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, கேட்ட விவரம் அந்தப் பம்பில் இல்லை என்றால், பம்ப் மௌனமாக இருக்காது. பிழை எண் ஒன்றைத் திருப்பி அனுப்பும். பிழை எண் 2 என்றால் “நீ கேட்கும் முகவரியில் எந்த விவரமும் இல்லை” என்று பொருள். திரையில் பிழை என்ற சொல்லைப் பார்த்ததும் பயப்படுகிறோம். உண்மையில் அது நல்ல செய்தி. பிழை எண் வந்துவிட்டதென்றால் கம்பி சரி, கம்பிகளின் திசை சரி, வேகம் சரி, முகவரி எண் சரி, இரு பக்கத்துச் சில்லும் உயிரோடு இருக்கின்றன. ஒரே விடையில் ஐந்தாறு சந்தேகங்கள் தீர்ந்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது அமைப்புப் பட்டியலில் எங்கோ உள்ள தவறு. பல நேரம் அது கையேட்டில் 1இலிருந்தும் செய்தியில் 0இலிருந்தும் எண்ணத் தொடங்குவதால் வரும் ஒன்று வித்தியாசமாகவே இருக்கும். “முன்பு மௌனமாக இருந்தது, இப்போது பிழை காட்டுகிறது” என்று யாராவது சொன்னால், பழுது கூடவில்லை, பாதி தீர்ந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மௌனம் தொடர்ந்தால் கீழே இறங்கி, கம்பியிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கம்பிகளுக்கான தரநிலையின் பெயர் ஆர்எஸ்-485, 1983இல் வெளியானது. ஒரு கம்பியில் இத்தனை வோல்ட் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. இரண்டு கம்பிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. அந்த வித்தியாசம் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஒரு விடை, எதிர்த்திசையில் 200 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் மறு விடை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரண்டு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குவதால், வித்தியாசம் மாறாமல் நிற்கும். இந்த ஓர் உத்தியால் குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை செய்தியைக் கொண்டுபோக முடிகிறது. ஆனால் கம்பிகளுக்குப் பெயர் வைத்த விதத்தில் ஒரு பெருங்குழப்பம் நடந்துவிட்டது. தரநிலை ஏ, பி என்று எந்தக் கம்பிகளைச் சொன்னதோ, சில்லு தயாரிப்பாளர்கள் பலர் அதற்கு நேர்மாறாக எழுதிவிட்டார்கள். எனவே ஒரு நிறுவனத்தின் கருவியில் உள்ள ‘ஏ’ முனையை இன்னொரு நிறுவனத்தின் ‘ஏ’ முனையோடு சேர்த்தால் ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை. வேறு வேறு நிறுவனத்துக் கருவிகளை இணைத்த நாளிலிருந்தே தொடர்பு வரவில்லை என்றால், முதலில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றிப் பார்ப்பதால் எதுவும் கெடாது. செலவும் இல்லை.

அடுத்து மல்டிமீட்டர். மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொண்ட பிறகே பெட்டியைத் தொட வேண்டும். விஎஃப்டி பெட்டியாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அழுத்தம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். அது வடியும்வரை காத்திருப்பது கட்டாயம். பிறகு இரண்டு தொடர்புக் கம்பிகளுக்கும் இடையே மின்தடையை அளந்தால், அந்த ஓர் எண்ணே நிறையச் சொல்லிவிடும். கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை போடுவது வழக்கம். இரண்டும் இருந்து கம்பியும் முழுதாக இருந்தால் மீட்டர் சுமார் 60 ஓம் காட்டும். 120 காட்டினால் ஒரு முனையில் மின்தடை இல்லை, அல்லது நடுவில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. 40 காட்டினால் மூன்றாவதாக ஒன்றை யாரோ சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எலி கடித்த இடத்திலோ, டேப் சுற்றி மண்ணில் புதைத்த ஜாயிண்டிலோ அதைத் தேடலாம். ஒரு நிமிட வேலை இது. போர்டை மாற்றுவதற்கு முன் இந்த அளவை எடுத்தீர்களா என்று தோட்டக்காரர் கேட்பதில் தவறே இல்லை.

இந்த 120 ஓம் மின்தடையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் விவரம் தெரிந்தவர்கள்கூட எல்லாப் பழியையும் இதன் தலையில் போட்டுவிடுகிறார்கள். கம்பியின் முனைக்குப் போன மின் அலை அங்கே மோதித் திரும்பி வந்து அடுத்த செய்தியைக் கலைக்காமல் இருக்கவே இது போடப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பியில் மின் அலை ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நானோவினாடி எடுக்கும். கிணற்றடியிலிருந்து வீடுவரை 300 மீட்டர் என்றால் ஒன்றரை மைக்ரோவினாடி. 9600 வேகத்தில் ஒரு பிட் நீடிக்கும் நேரமோ 104 மைக்ரோவினாடி. மோதித் திரும்பும் அலை இரண்டு மூன்று முறை போய் வந்து அடங்கிய பிறகும் அந்த பிட்டில் பெரும்பகுதி மிச்சமிருக்கும். ஆகவே இந்தத் தூரத்துக்கு, இந்த வேகத்துக்கு அந்த மின்தடை இல்லாததால் மட்டும் தொடர்பு அறுந்துவிடாது. நேர்மாறாக, தேவையில்லாமல் போடப்பட்ட மின்தடையே கெடுதல் செய்வதும் உண்டு. யாரும் பேசாத நேரத்தில் கம்பிகளுக்கிடையே 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் நிலையாக இருக்கும்படி உள்ளே சிறு மின்தடைகள் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கும். 5 வோல்ட்டிலிருந்து இரு பக்கமும் 4700 ஓம் வழியாக அது கிடைக்கும் கருவியில், இரண்டு முனையிலும் 120 ஓம் போட்டுவிட்டால் மிஞ்சுவது 30 மில்லிவோல்ட் சொச்சம்தான். அந்த நிலையில் வாங்கும் சில்லு, இல்லாத செய்தியை இருப்பதாக எண்ணித் தடுமாறும். சரியான மருந்தாகவே இருந்தாலும், நோயை அளக்காமல் கொடுக்கக்கூடாது.

பழுது எப்போது வருகிறது என்பதும் ஒரு சான்று. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பணமோ கருவியோ தேவையில்லை. மோட்டார் நிற்கும்போது தொடர்பு இருந்து, ஓடத் தொடங்கியதும் அறுந்தால், போர்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, குற்றவாளி இரைச்சல். விஎஃப்டி பெட்டி மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டித்தான் மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார் கேபிளையும் தொடர்புக் கம்பியையும் ஒரே பைப்புக்குள் போட்டு இழுத்திருந்தால், அந்த வெட்டுகளின் இரைச்சல் பக்கத்துக் கம்பியிலும் பாயும். கம்பிகளைப் பிரித்துத் தள்ளிப் போடுவதும், கவசம் உள்ள முறுக்குக் கம்பிக்கு மாறுவதும்தான் அதற்குத் தீர்வு. மழை பெய்தால் அறுந்து, இரண்டு நாள் வெயிலில் திரும்பி வந்தால் ஈரம் இறங்கிய ஜாயிண்டைத் தேட வேண்டும். பெட்டிக் கதவைச் சாத்தும்போது மட்டும் போனால் தளர்ந்த முனை. கோடை இடிமழைக்கோ ஐப்பசி இடிமழைக்கோ பிறகு நிரந்தரமாகப் போயிருந்தால், அப்போதுதான் சில்லு கருகியிருக்க வாய்ப்பு அதிகம். கிணற்றடி எர்த்தும் வீட்டு எர்த்தும் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி இருக்கும்போது, இடி விழுந்த நொடியில் இரண்டுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். ஆர்எஸ்-485 சில்லுகள் தாங்குவதற்குத் தரநிலை வகுத்த எல்லையோ கழித்தல் 7 வோல்ட்டிலிருந்து கூட்டல் 12 வோல்ட் வரைதான். அதனால் தரையின் வழியாக மின்தொடர்பு இல்லாதபடி பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் உள்ள கருவியைத்தான் நீண்ட தூரத்துக்கு வாங்க வேண்டும். அது இல்லாத இடத்தில் புதுப் போர்டு மாட்டினால், அதுவும் அடுத்த இடிமழை வரைக்கும்தான்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு; அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. “இத்தனையும் அளந்துகொண்டிருந்தால் பயிர் வாடிவிடும். கையில் வேறு போர்டு இருக்கிறது, மாற்றினால் பத்து நிமிடத்தில் ஓடுகிறது. ஓடுவதைவிட வேறென்ன சான்று வேண்டும்?” என்று எலக்ட்ரீஷியன் கேட்பார். தண்ணீருக்குக் காத்திருக்கும் தோட்டத்தில் அவசரம் நியாயமானது. தற்காலிகமாக மாற்றி ஓட்டுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது சான்று ஆகாது. போர்டை மாற்றும்போது போர்டு மட்டுமா மாறுகிறது? பச்சை பிடித்த முனைகள் கழற்றித் தேய்க்கப்படுகின்றன. தளர்ந்த ஸ்க்ரூக்கள் முறுக்கப்படுகின்றன. தொங்கிப்போயிருந்த மென்பொருள் கரண்டை நிறுத்திப் போட்டதில் புதிதாகத் தொடங்குகிறது. புதுப் போர்டு ஆலையில் வைத்த முகவரியோடும் வேகத்தோடும் வருகிறது. இந்த நான்கில் எதனால் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பழைய போர்டு கெட்டது என்று எழுதப்பட்டுவிடுகிறது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருக்கிறது: புதுப் போர்டில் ஓடுவதைப் பார்த்த பிறகு, பழைய போர்டை, அதே முகவரியும் வேகமும் வைத்து, மறுபடி அதே இடத்தில் மாட்டிப் பார்ப்பது. மறுபடியும் மௌனம் என்றால் குற்றம் உறுதி. பணம் கொடுத்து மாற்றுவது சரி. ஓடிவிட்டால், ஒரு நல்ல போர்டின் விலை தோட்டக்காரருக்கு மிச்சம். ஆய்வுக்கூடத்தில் எந்தச் சோதனைக்கும் இருக்கும் இந்த நேர்மை மோட்டார் கொட்டகைக்கும் வேண்டும்.

“கம்பிதானே இத்தனை தொல்லை? சிம் போட்ட செல் ஸ்டார்ட்டரில் கம்பியே இல்லையே” என்பது இன்னொரு எதிர்வாதம். கம்பி போனதால் வழி சுருங்கிவிடவில்லை, நீண்டிருக்கிறது. நம் போன், செல்போன் நிறுவனத்தின் வலையமைப்பு, டவர், கொட்டகையில் உள்ள சிம், அதன் மோடம், கட்டளையைப் புரிந்துகொள்ளும் சில்லு, ரிலே, காண்டாக்டர், மோட்டார் என்று ஒன்றன்பின் ஒன்றாக அத்தனையும் வேலை செய்தால்தான் தண்ணீர். இங்கே பழுதைத் தேடச் சிறந்த முறை, வழியை நடுவில் வெட்டிப் பார்ப்பது. கொட்டகை சிம்முக்கு ஒரு போன் போடுங்கள். மணி அடித்தால் மோடம்வரை எல்லாம் சரி. பழுது அதற்கு அப்பால். “அணைத்து வைக்கப்பட்டுள்ளது” என்று வந்தால் மோடத்துக்குக் கரண்ட் இல்லை, அல்லது டவர் எட்டவில்லை. “தற்காலிகமாகச் சேவையில் இல்லை” என்று வந்தால் முதலில் ரீசார்ஜைப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் யார் கையிலும் இல்லாத சிம் என்பதால் அதன் கெடு முடிந்தது யார் கண்ணிலும் படாது. மணி அடித்து, அழைப்பையும் எடுத்து, எண்ணை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், நம் எண் அந்தக் கருவியில் பதிவாகியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஒரே ஒரு போன் அழைப்பில் சந்தேகப் பட்டியல் பாதியாகிவிடுகிறது. அடுத்து ரிலே “டிக்” என்று அடிக்கிறதா என்று கொட்டகையில் நின்று கேட்டால், அந்தப் பாதியும் பாதியாகும்.

“டவர் இல்லை” என்ற முடிவையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. ஜிஎஸ்எம் மோடம் தொடர்ச்சியாகப் பேசுவதில்லை. 577 மைக்ரோவினாடி நீளமுள்ள சிறு துண்டுகளாக அனுப்புகிறது. அந்தத் துண்டுக்குள் 2 ஆம்பியர் வரை இழுக்கும், பிறகு விட்டுவிடும். டவர் தொலைவில் இருந்தால் மோடம் தன் முழுத் திறனில், 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை, கத்த வேண்டியிருக்கும். மலையடிவாரத்துத் தோப்புகளில் இது சாதாரணம். உள்ளே இருக்கும் பேட்டரி வயதாகியிருந்தாலோ மின்வழங்கியின் கப்பாசிட்டர் வறண்டிருந்தாலோ, அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து மோடம் அணைந்து மறுபடி எழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டவர் வந்து வந்து போவதாகத் தோன்றும். ஆன்டெனாவை உயர்த்துவார்கள், சிம்மை மாற்றுவார்கள். குறை மின்வழங்கியில் இருக்கும். அதே சிம்மை ஒரு சாதாரண போனில் போட்டு அதே கொட்டகையில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அங்கே போன் ஒழுங்காகப் பேசினால், டவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆன்டெனாவைத் தகரப் பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்திருந்தால் அதற்கு எந்த டவரும் எட்டாது.

ரிலே அடித்த பிறகும் மோட்டார் ஓடவில்லை என்றால் தொடர்பைப் பற்றிப் பேசுவதே வீண். காண்டாக்டரின் காயில் போயிருக்கலாம். ஓவர்லோடு டிரிப் ஆகியிருக்கலாம். காண்டாக்டர் முனைகளுக்கிடையே பல்லியோ எறும்புக்கூட்டமோ சிக்கியிருக்கலாம். மூன்று பேஸில் ஒன்று வராமல் இருக்கலாம். பேஸ் குறைந்தால் மோட்டாரை ஓடவிடாமல் தடுப்பது கருவியின் கடமை; அப்படித் தடுத்ததையும் “செல் ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை” என்று சொல்பவர்கள் உண்டு. மூன்று பேஸ் வந்த அதே நொடியில் ஒரே லைனில் உள்ள மோட்டார்கள் எல்லாம் தானாகக் கிளம்பினால், ஒவ்வொன்றும் ஓடும்போது இழுப்பதைப்போல ஆறேழு மடங்கு ஆம்பியரை இழுத்து லைனையே சரித்துவிடும். லோ வோல்டேஜில் காண்டாக்டர் பிடித்துப் பிடித்து விடும். கிளம்புவதற்கு முன் சில நிமிடத் தாமதம் வைப்பதும், பக்கத்துத் தோட்டத்தின் தாமதத்தோடு அது ஒத்துப்போகாதபடி பார்த்துக்கொள்வதும் எளிய மருந்து. இங்கே வாங்குபவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. “மோட்டார் ஓடுகிறது” என்று போனுக்கு வரும் செய்தி எதை வைத்து வருகிறது? ரிலே மூடியதை வைத்தா, மோட்டார் கேபிளில் உண்மையில் பாயும் ஆம்பியரை அளந்தா? முதல் வகைக் கருவி தான் இட்ட கட்டளையையே நடந்த செயலாகச் சொல்கிறது. இரண்டாம் வகைதான் சான்று தருகிறது. போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றும்போது ஆம்பியர் குறைவதையும் இந்த இரண்டாம் வகையால்தான் கண்டுபிடிக்க முடியும்.

பழைய கை ஸ்டார்ட்டரே போதும், அதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்பவர்களின் பேச்சிலும் உண்மை இருக்கிறது. பாகம் குறைந்தால் பழுதும் குறையும். ஆனால் மூன்று பேஸ் நள்ளிரவில் வரும் ஊரில், பாம்பும் சேறும் உள்ள வரப்பில் இருட்டில் நடப்பதன் விலையை அந்தக் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே சரி. தானியங்கியை ஒதுக்கிவிட்டுக் கையால் ஓட்ட ஒரு மாற்று சுவிட்ச் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்க வேண்டும். பழுது பார்க்கவும் அது பெரிய துணை: கையால் போட்டு மோட்டார் ஓடிவிட்டால், மோட்டாரும் கேபிளும் மூன்று பேஸும் சந்தேகத்திலிருந்து ஒரே அசைவில் விடுபடுகின்றன. அதோடு, தொடர்பு அறுந்தால் மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பொருத்தும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். விஎஃப்டி பெட்டிகளில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு: இத்தனை வினாடி கட்டளை வரவில்லை என்றால் நிற்பதா, ஓடிக்கொண்டே இருப்பதா, குறைந்த வேகத்துக்கு இறங்குவதா? மேல்நிலைத் தொட்டியை நிரப்பும் மோட்டார் நின்றுவிட வேண்டும், இல்லையேல் தண்ணீர் வழிந்து வீணாகும். மீன் குட்டைக்குக் காற்று ஊட்டும் மோட்டாரோ நிற்கவே கூடாது, நின்றால் மீன் சாகும். ஆலை வைத்துக் கொடுத்த அமைப்பு இதில் எந்தத் தேவைக்கு உரியது என்று பார்க்காமல் விட்டுவிட்டால், அந்த முடிவை நம் தோட்டத்தை ஒருபோதும் பார்க்காத ஒருவர் எடுத்ததாக ஆகும்.

தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். தானியங்கிக் கருவிகள் இனி கூடத்தான் செய்யும். அவற்றைப் பொருத்துபவர்களிடம் தோட்டக்காரர்கள் ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிய ஒரு தாள். அதில் கருவியின் முகவரி எண், வேகம், எந்த நிறக் கம்பி எந்த முனையில், கம்பிகளுக்கிடையே பொருத்திய நாளில் அளந்த மின்தடை, சிம் எண்ணும் அதன் ரீசார்ஜ் தேதியும், தொடர்பு அறுந்தால் மோட்டார் நிற்குமா ஓடுமா என்பது, இவ்வளவும் தமிழில் இருக்க வேண்டும். மானியம் தரும் துறை, அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பொருத்தும் பணி முடிந்ததாகக் கையெழுத்திட வேண்டும். தாளில் இருக்கும் எண்ணும் மீட்டர் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், பழுதைத் தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். போர்டை மாற்றுவது அதற்குப் பிறகு.